கரிமூட்டையின் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம், பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிறேன். ஆபிரிக்காவில் சில கிராமங்களில் கரி வருமானம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது என்று வாசித்தேன். எங்கள் ஊரிலும் சிலர் களவாகக் கரி சுடுகிறார்கள். அவர்கள் காட்டை அழிப்பவர்களா, வறுமையிலிருந்து ஏறுபவர்களா? வருமான ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் காட்டும் கினிக் குறியீட்டால் இதை அளக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

2022இல் சனம் சமையல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றபோதிருந்தே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காடு பற்றிய கேள்வியை விடுங்கள். அதைக் கேட்கப் பலர் இருக்கிறார்கள். ஆனால் சொந்த ஊர்ச் சனத்தைக் 'களவாக' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களே, அது சரியில்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு முத்தையன்கட்டுப் பக்கம் என் பெரியம்மா கரி சுட்டார். வீரை, பாலை மரக் கட்டைகளை அடுக்கி, மேலே பச்சைக் குழை போட்டு, ஈரமண்ணால் மூடுவார். பற்றவைத்த பிறகு நித்திரை இல்லை. மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் எல்லாம் சாம்பல்தான். மண்வெட்டியோடு இரவெல்லாம் சுற்றிவருவார். வெள்ளைப் புகை நீலமாக மெலியும்வரை காவல். இப்படியான சூளையில் ஒரு கிலோ கரிக்கு ஐந்தாறு கிலோ விறகாவது வேண்டும்.

வியாபாரி வரும்போது சாக்கும் அவனுடையதுதான். இரண்டு சாக்கை வெட்டி ஒன்றாகத் தைத்தது. விலை மூட்டைக் கணக்கில், கிலோக் கணக்கில் இல்லை. அரிசிக்கும் பிள்ளையின் சப்பாத்துக்கும் முற்பணம் வாங்கியாயிற்று, பிறகு என்ன பேரம்? வேறு ஆளுக்கு விற்கலாமென்றால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒரு மூட்டையையும் றோட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பிடிபடுகிற பயம் பெரியம்மாவுக்கு. அந்தப் பயத்தைக் காட்டி விலையைக் குறைப்பது அவன். மொசாம்பிக்கின் மபலானேயிலும் இதே கதைதான். பெரிய அனுமதிகளும் லொறியும் மாபுட்டோ நகரத்துக்காரர் கையில், கிராமத்தாருக்குச் சிறு பங்கு.

இப்போது உங்கள் கினிக்கு வருகிறேன். எல்லாருக்கும் ஒரே வருமானமென்றால் அது பூச்சியம். எல்லாரும் ஒரே மாதிரிப் பட்டினி கிடந்தாலும் பூச்சியம்தான்! ஊருக்குள் மட்டும் கணக்கெடுத்தால், கரி சுடுகிற ஏழை நாலு காசு கண்டதும் ஏற்றத்தாழ்வு குறைந்ததாகத் தெரியும். வவுனியாவில் மாடி வீடு கட்டும் வியாபாரி உங்கள் படிவத்தில் இல்லையே. அவனுக்கும் பெரியம்மாவுக்கும் இடையில் இருப்பதுதான் ஏற்றத்தாழ்வு. அதை விட்டுவிட்டு, ஆட்டுக்குட்டி வைத்திருப்பவளுக்கும் வைத்திராதவளுக்கும் இடையில் அளந்து என்ன காண்பீர்கள்? எல்லைக்கோட்டை ஊர் வேலியோடு நிறுத்துகிற ஆய்வு, முதலாளியைக் காப்பாற்றிக் கொடுக்கிற ஆய்வு. பேராசிரியர் சொன்னாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் கெட்டிக்காரப் பிள்ளை, அதனால்தான் இவ்வளவு கோபம். விடுமுறைக்குப் போகும்போது ஒரு தராசு கொண்டுபோங்கள். சுடுகிறவர்களிடம் அனுமதி கேட்டு, பெயர் எழுதாமல், அந்த மூட்டையை நிறுத்துப் பாருங்கள். அதே மூட்டை நகரத்துச் சாப்பாட்டுக் கடையில் என்ன விலைக்கு இறங்குகிறதென்றும் விசாரித்து எழுதுங்கள்.