மல்தோவா வங்கிக் கொள்ளையும் மக்கள் போராட்டமும்: கேள்வி பதில்

வங்கி ஊழியர் ஒருவர்: 2014இல் கிழக்கு ஐரோப்பிய நாடான மல்தோவாவிலிருந்து ஏறத்தாழ நூறு கோடி டாலர் எப்படி வெளியேறியது?

பதில்: பாங்கா தெ எகோனோமீ, பாங்கா சோச்சாலா, யூனிபாங்க் ஆகிய மூன்று வங்கிகளையும் பினாமிகள் வழியாக ஒரே கூட்டத்தார் படிப்படியாகக் கைப்பற்றினார்கள். ஒரு வங்கியில் வாங்கிய கடனை மற்றொரு வங்கிக் கடனால் அடைத்துக்கொண்டே வந்து, நவம்பர் மாத நாடாளுமன்றத் தேர்தலையொட்டிய சில நாள்களில், மிஞ்சியதையும் லெட்டர்பேட் நிறுவனங்களின் பெயரில் கடனாக எழுதி லாட்வியக் கணக்குகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அது நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. மத்திய வங்கி இருந்ததே என்பீர்கள். ஆளும் கட்சிகள் அரசு நிறுவனங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட நாட்டில் அதன் கண்காணிப்பு பெயரளவுக்கே இருந்தது.

மற்றொருவர்: வைப்பாளர்களின் சேமிப்பு என்னவாயிற்று?

பதில்: சேமிப்பு தப்பியது. அரசு உத்தரவாதத்தின் பேரில் மத்திய வங்கி அவசரக் கடன் கொடுத்தது. அந்தக் கடன் 2016இல் அரசுக் கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டதால், திருடாதவர்கள் 2041 வரை அதை வரியாகக் கட்டவேண்டும். மக்களின் கோபத்துக்கு இதுவே வேர் என்பது என் கருத்து.

ஒரு மாணவி: போராடியவர்கள் ரஷ்ய ஆதரவாளர்களா, ஐரோப்பிய ஆதரவாளர்களா?

பதில்: இரு தரப்பினரும்தான். 2015 செப்டம்பரில் ‘கண்ணியமும் உண்மையும்’ என்ற குடிமக்கள் அமைப்பு பல்லாயிரம் பேரைத் தலைநகர் கிஷினாவின் சதுக்கத்தில் திரட்டிக் கூடாரம் அடித்தது. அது ஐரோப்பியச் சார்புடையது. ஆட்சியாளர்களும் தம்மை ஐரோப்பிய ஆதரவாளர்கள் என்றே சொல்லிக்கொண்டதால், அவர்களுடைய ஊழல் அந்தக் கொள்கைக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்தது. 2016 ஜனவரி 20 அன்று பாவெல் ஃபிலிப் அரசு அவசர அவசரமாகப் பதவியேற்றபோது, ரஷ்யச் சார்புக் கட்சியினரும் சேர்ந்துகொள்ள, கூட்டம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தது.

அதே மாணவி: முன்னாள் பிரதமர் விளாத் ஃபிலாத் கைதானது வெற்றியில்லையா?

பதில்: அரை வெற்றி. 2015 அக்டோபரில், நாடாளுமன்ற உறுப்பினரைக் கைதிலிருந்து காக்கும் விலக்குரிமை பறிக்கப்பட்டு நாடாளுமன்றத்திலேயே கைதான அவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆனால் அவருடைய போட்டியாளரான பெருஞ்செல்வர் விளாத் பிளாஹோத்னியூக்குக்கு ஆட்சியின் மீதிருந்த பிடி அதன்பின் இறுகியதே தவிரத் தளரவில்லை.

இன்னொருவர்: அப்படியானால் வீதியில் இறங்கியதால் பயன் என்ன?

பதில்: அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதும் போராட்டக்காரர்களின் கோரிக்கைகளில் ஒன்று. 2016 மார்ச்சில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த உரிமையை மீட்டுத் தந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் ரஷ்யச் சார்பு இகோர் தோதோனிடம் குறைந்த வித்தியாசத்தில் தோற்ற ஐரோப்பியச் சார்பு மாயா சாண்டு, 2020இல் அவரையே வென்றார். நாடாளுமன்றம் அதிபரைத் தேர்ந்தெடுத்த பழைய முறையில் அவர் அந்தப் பதவியை எட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசிக் கேள்வி: பணமும் குற்றவாளிகளும்?

பதில்: பணத்தின் பெரும்பகுதி திரும்பவில்லை. கொள்ளையின் மையத்தில் இருந்த இலான் ஷோர் 2019இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 2023இல் அவர் இல்லாமலேயே பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2019இல் தப்பிய பிளாஹோத்னியூக் 2025 ஜூலையில் கிரேக்கத்தில் பிடிபட்டு, செப்டம்பரில் மல்தோவாவிடம் ஒப்படைக்கப்பட்டார்.