ஓ'சல்லிவன் என்ற ஐரிஷ் குடும்பப் பெயர் எங்கே தோன்றியது, எங்கே அதிகம்?

ஐரிஷ் மொழியில் இது 'ஓ சூலவான்'. 'ஓ' என்றால் வழித்தோன்றல், 'சூல்' என்றால் கண். மீதிப் பகுதி கறுப்பைக் குறிக்கிறதா, ஒற்றைக் கண்ணையா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் சர்ச்சைதான்.

இன்று கார்க், கெர்ரி மாவட்டங்களில் நிறைந்திருந்தாலும் பூர்வீகம் டிப்பரரி. 12ஆம் நூற்றாண்டு இறுதியில், படையெடுத்து வந்த நார்மன்கள் நெருக்க, தென்மேற்குக் கடலோரத்துக்கு நகர்ந்தார்கள்.

1602இல் இவர்களின் டன்பாய் கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அந்தக் கடலோரத்திலுள்ள பேரா தீபகற்பத்தின் ஓ'சல்லிவன் தலைவர் டோனல் காம், அந்த ஆண்டு இறுதியின் கடுங்குளிரில் சுமார் ஆயிரம் பேருடன் வடக்கே லீட்ரிமுக்கு நடந்தார். போய்ச் சேர்ந்தது 35 பேர். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும்.

அப்புறம் 19ஆம் நூற்றாண்டில், பேராவின் அலிஹீஸ் செம்புச் சுரங்கத் தொழிலாளர்கள் பலர் அமெரிக்காவின் மொன்டானாவிலுள்ள பியூட் நகரச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அங்கே இந்தக் குடும்பத்தார் பெரும்பாலும் 'ஓ' இல்லாத சல்லிவன்கள்.