வக்கீல் அண்ணாச்சி பதில்கள்: பாறைக்குழியும் பாலிசியும்

கேள்வி (ராதாபுரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்): எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்தில் கல்குவாரி வந்திருக்கிறது. வெடி போட்டால் பரணில் இருக்கும் பாத்திரம் உருளுகிறது, சுவரெல்லாம் கீறல். 300 மீட்டருக்குள் குவாரி கூடாதாமே, மனு கொடுத்தால் மூடுவார்களா அண்ணாச்சி?

பதில்: 'தோட்டத்து வீடு' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

கருங்கல், சரள் போன்ற சிறுகனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தை 1957-ம் ஆண்டு மத்தியச் சுரங்கச் சட்டத்தின் 15-வது பிரிவு மாநிலங்களிடம் விட்டுவிட்டது. அப்படி வந்தவைதான் 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். நீங்கள் சொல்லும் 300 மீட்டர் அதில் 36-வது விதி. ஆனால் எதைக் குடியிருப்பு என்று எடுத்துக்கொள்வது என்பதையும் அந்த விதியே சொல்லிவிடுகிறது. வருவாய்க் கணக்கில் ஊராகவோ வீட்டுமனையாகவோ பதிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளாட்சியோ நகரமைப்புத் துறையோ அங்கீகரித்த மனையாக இருக்க வேண்டும். புஞ்சையில் பம்புசெட் பக்கத்தில் கட்டிய வீட்டில் மூன்று தலைமுறையாக நீங்கள் குடியிருந்தாலும், "அது விவசாய நிலம்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் தள்ளிவிடுவார். நான் அந்தப் பக்கம் நின்றாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆகையால் பட்டா, வீட்டுவரி ரசீது, ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதி எதுவிருந்தாலும் முதலில் தேடி எடுங்கள். அப்புறம் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் கனிமவள அலுவலகத்துக்கு ஒரு மனு. குத்தகை உத்தரவு, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி மூன்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இதில் மூன்றாவதுதான் முக்கியம். 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அனுமதியோடு நிபந்தனைகளும் வரும். வெடி, தூசி பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். 300 மீட்டரில் தோற்றாலும் அங்கே பிடி கிடைக்கலாம்.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் "குவாரியை மூடுக" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது கட்டோடு கட்டாகப் போய்விடும். சர்வே எண்ணைப் போட்டு, "என் வீட்டிலிருந்து குத்தகை எல்லை எத்தனை மீட்டர், என்னை வைத்துக்கொண்டு அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். மழுப்ப இடம் குறையும்.

கேள்வி (முன்னீர்பள்ளம் பக்கத்து வாசகி): என் வீட்டுக்காரர் குவாரியில் கம்ப்ரசர் வைத்துக் குழி போடுகிறவர். கூட வேலை பார்த்தவர் மேல் கண்ணெதிரே பாறை விழுந்ததிலிருந்து தூக்கமில்லை, பட்டாசுச் சத்தத்துக்கே நடுங்குகிறார். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தோம். பாலிசி இருந்தும், "மனநோய்க்கெல்லாம் கிடையாது" என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

பதில்: தங்கச்சி, போனில் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதிக் கையெழுத்துப் போடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21(4): உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். 2018-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. அப்புறமும் இழுத்தடித்ததால், 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா மருத்துவ பாலிசியிலும் சேர்த்தாக வேண்டும் என்று கெடு வைத்தது.

அதே அடிப்படை என்பதில் உங்களுக்கு ஒரு பாதகமும் உண்டு. உள்நோயாளிக்கு மட்டுமான பாலிசி என்றால், வெளியே வாங்கிய மாத்திரைக்கும் கவுன்சலிங்குக்கும் பணம் வராது. படுக்கையில் இருந்த நாட்களுக்குத்தான் கேட்க முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் தெளிவாக இருக்கட்டும். அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்று 'காய்ச்சல்' என்று எழுதி வாங்கிவிடாதீர்கள். க்ளெய்ம் அங்கேயே படுத்துவிடும்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, எங்களைப் போன்ற வக்கீலும் தேவையில்லை. மறுத்துக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். இதற்கிடையில் வைத்தியத்தை நிறுத்த வேண்டாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண், காசில்லாத அழைப்பு.

உங்கள் பக்கத்து அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே 14 ராத்திரி பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்கள், 4 பேரை இழந்தோம். இப்படிச் செத்தவருக்கு நிவாரணம் எழுதவாவது ஒரு தாள் இருக்கிறது. மேலே நின்று பார்த்தவருக்கு எந்த ரிஜிஸ்டரிலும் இடமில்லை. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம்.

கேள்வி (திடியூர் பக்கத்து வாசகர்): குவாரிப் பணத்தில் எங்கள் ஊருக்கு எதுவும் கிடையாதா?

பதில்: உண்டு. மத்தியச் சுரங்கச் சட்டத்தில் வந்த 2015 திருத்தத்துக்குப் பிறகு, குவாரிக்காரர் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகைக்கு மேல் ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்டுகிறார். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குக் குடிநீர், சுகாதாரம், பள்ளிக்கூடம் என்று செலவழிக்கத்தான் அது. 2024-ல் வந்த கனிம நில வரிச் சட்டம் வேறு. அந்தப் பணம் மாநில கஜானாவுக்குப் போகிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் ஆட்கள் இதில் ரோடும் சமுதாயக் கூடமும் கேட்கிறார்கள். வாரம் ஒரு நாள் மனநல ஆலோசகர் ஊருக்கு வர வேண்டும் என்று ஒரு தீர்மானமும் என் கண்ணில் பட்டதில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் நீங்கள் போடுங்கள். முடிந்ததும் தீர்மான எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். எண் இல்லாத தீர்மானத்தைக் கலெக்டர் ஆபீஸில் தேடவே மாட்டார்கள்.