திடலோரம்: 0.3 வினாடிக்காக ஒரு பிள்ளையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகள் படிவம் 1 படிக்கிறாள். ஆரம்பப்பள்ளியிலிருந்தே பூப்பந்து ஆடுகிறாள். ஜனவரியில் பயிற்சி மையத்தில், கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் இல்லினாய்ஸ் சோதனை வைத்தார்கள். 18.6 வினாடி எடுத்தாள். ஜூலையில் அதே சோதனையில் 18.9. "வேகம் குறைஞ்சிடுச்சு, இந்த வருஷம் அணியில வேண்டாம்" என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். ஆனால் பள்ளியில் செகாக் என்ற உடற்தகுதிச் சோதனையில் அவளுக்கு 'ஏ' கிடைத்தது. எதை நம்புவது ஐயா? அவளோ இனி மட்டையைத் தொடமாட்டேன் என்கிறாள்.
ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அம்மா, முதலில் அந்த மட்டையை எடுத்து மகள் கையில் கொடுங்கள். இந்த 0.3 வினாடியை மட்டும் வைத்து அவள் மெதுவாகிவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது.

செகாக் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அதில் படியேறி இறங்குவது, தண்டால், படுத்து எழுவது, உட்கார்ந்து கைநீட்டித் தொடுவது என்றுதான் இருக்கும். இதயம், தசை, உடல் வளையும் தன்மை ஆகியவற்றை அது பார்க்கிறது. இது நலம்சார்ந்த உடற்தகுதி. விளையாட்டுக்கு வேண்டிய திறன்சார்ந்த உடற்தகுதி வேறு: சட்டென்று திசை மாற்றுவது, சமநிலை, கை கண் ஒத்திசைவு, ஒரே மூச்சில் பாயும் ஆற்றல், எதிர்வினை நேரம், வேகம். ஆகவே ஒன்றில் 'ஏ' வாங்கிய பிள்ளை இன்னொன்றில் சுமாராகச் செய்தால் அதில் முரண்பாடு இல்லை.

இப்போது அந்த 0.3 வினாடிக்கு வருகிறேன். இல்லினாய்ஸ் சோதனைக்கு 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் வேண்டும். நடுவில் நான்கு கூம்புகள், ஒவ்வொன்றுக்கும் இடையே 3.3 மீட்டர். பிள்ளை குப்புறப் படுத்த நிலையிலிருந்து எழுந்து ஓட வேண்டும். பல இடங்களில் நின்றபடியே ஓட விடுகிறார்கள். தூரத்தையும் நாடா வைத்து அளக்காமல் காலடி வைத்து அளந்துவிடுகிறார்கள். ஜனவரியில் மண்டபத்தின் மரத்தரை, ஜூலையில் மழை பெய்த திடல் என்றிருந்தால் அந்த இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவே கூடாது. கடிகாரத்தை அழுத்தியவர் மாறியிருந்தாலும் இதே கதைதான். கண் பார்த்து விரல் அழுத்துவதற்கே ஒரு மனிதருக்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிறது. அது ஆளுக்கு ஆள் மாறும். எனவே பயிற்றுநரிடம் சண்டைக்குப் போகாமல் இவற்றை மட்டும் கேளுங்கள்: இரண்டு முறையும் தரை ஒன்றா, காலணி ஒன்றா, அழுத்தியவர் ஒருவரா, எத்தனை முறை ஓடவிட்டு எதை எழுதினார்கள், ஓட்டங்களுக்கு இடையே போதிய ஓய்வு இருந்ததா?

இன்னொன்று. இந்த ஆறு மாதத்தில் மகள் உயர்ந்திருக்கிறாளா? பள்ளிப் பாவாடை குட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். பெண் பிள்ளைகள் பொதுவாக 12 வயதை ஒட்டித்தான் மிக வேகமாக வளர்கிறார்கள். கால் நீண்டுவிடும். சில பிள்ளைகளுக்கு அந்தப் புதிய நீளத்துக்குப் பழகும்வரை திரும்புவதும் நிற்பதும் கொஞ்சம் தடுமாறும். பிறகு சரியாகிவிடும். அந்த நேரத்தில் பிள்ளையை ஓரம் கட்டுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. இந்தச் சோதனைக்குப் பலரும் கையில் வைத்திருக்கும் தர அட்டவணை 16 முதல் 19 வயதினருக்கானது. அதை 13 வயதுப் பிள்ளைக்கு நீட்டினால் நிறுத்திவிடுங்கள் அம்மா.

பூப்பந்துக்கு இந்தச் சோதனை எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியும் இருக்கிறது. இல்லினாய்ஸில் எந்த வழியாக ஓட வேண்டும் என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும். ஆட்டத்தில் பந்து எங்கே வரும் என்று யாரும் சொல்லிவைப்பதில்லை. வலையிலிருந்து கடைசிக் கோடு வரை 6.7 மீட்டர்தான். ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 5.18 மீட்டர். அந்தச் சிறு இடத்தில் இரண்டு மூன்று அடி பாய்ந்து, அடித்து, நடுவுக்குத் திரும்ப வேண்டும். அதனால் நான் பரிந்துரைப்பது ஆறு மூலைச் சோதனை: முன்னால் இரண்டு, பக்கத்தில் இரண்டு, பின்னால் இரண்டு. பயிற்றுநர் கையைக் காட்டும் மூலைக்குப் பிள்ளை போய்த் திரும்ப வேண்டும். எந்த வரிசையில் கை காட்டுவது என்பதை முன்பே தாளில் எழுதிவைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் அது தெரியக்கூடாது.

வீட்டில் ஏதாவது செய்து பார்க்க ஆசைப்பட்டால் 30 சென்டிமீட்டர் அளவுகோல் போதும். மகளின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சுழியம் வரும்படி பிடித்து, சொல்லாமல் விடுங்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் எதிர்வினை நேரம் சுமார் 0.2 வினாடி, 15-இல் பிடித்தால் 0.175. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். ஆனால் இது விரலின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். எதிராளியின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்துப் பந்து எங்கே வரும் என்று கணிப்பது ஆடி ஆடி வருவது. அதை அளக்க அளவுகோல் உதவாது.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியில் கருவிகள் எதுவும் இல்லை. திறன்சார்ந்த சோதனைகளை எப்படி நடத்துவது?
ஓர் உடற்கல்வி ஆசிரியர், பிறை

பதில்: ஓர் அளவுநாடா, சுண்ணக்கட்டி, டென்னிஸ் பந்து, கடிகாரம். இவ்வளவுதான் வேண்டும், ஐயா. நின்ற இடத்திலிருந்து இரு காலாலும் தாண்டச் சொல்லி, கோட்டிலிருந்து பின்னால் இருக்கும் குதிகால் வரை அளங்கள். இது பாயும் ஆற்றல். சுவரிலிருந்து 2 மீட்டரில் கோடு போட்டு, வலக்கையால் எறிந்து இடக்கையால் பிடிக்க, அப்புறம் மாற்றி எறியச் சொல்லுங்கள். 30 வினாடியில் எத்தனை பிடித்தார்கள் என்று எண்ணினால் ஒத்திசைவு தெரியும். சமநிலைக்கு, காலணியைக் கழற்றி, இடுப்பில் கைவைத்து, ஒரு பாதத்தை மறு முழங்காலில் பதித்து, குதிகாலைத் தூக்கி நிற்கவேண்டும். குதிகால் தரையைத் தொட்டதும் கடிகாரத்தை நிறுத்துங்கள்.

சமநிலை, வேகம், திசை மாற்றம் எல்லாம் முதலில் இருக்கட்டும். ஒலிக்கு ஏற்ப இரு கோடுகளுக்கிடையே மாறி மாறி ஓடும் பீப் ஓட்டம் போல ஆளைக் களைக்க வைப்பது கடைசியில் வரட்டும். வெயில் ஏறுமுன் முடியுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் தரை, நேரம், காலணி மூன்றையும் குறித்துவையுங்கள். அடுத்த தவணையில் அந்தக் குறிப்பு இல்லையென்றால் எண்ணால் பயனில்லை. தயவுசெய்து பெயர்ப் பட்டியலைத் தரவரிசைப்படி சுவரில் ஒட்டாதீர்கள். அவரவர் பழைய எண்ணை அவரவரிடம் காட்டினால் போதும்.

கேள்வி: நான் 200 மீட்டர் ஓடுகிறேன். நண்பன் கைத்தொலைபேசியில் நேரம் எடுக்கிறான். நம்பலாமா?
ஒரு மாணவர், ஆயர் ஈத்தாம்

பதில்: தம்பி, நம் மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனையைக் கைருல் ஹஃபிஸ் 2017-இல் 20.90 ஓடித்தான் முறியடித்தார். 49 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் கிடைத்த வித்தியாசம் 0.02 வினாடி. அதைக் கட்டை விரலால் பிடிக்க முடியாது. கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 வினாடி கூட்டுவது வழக்கம்.

விசில் சத்தத்தைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தும் பழக்கத்தையும் விடுங்கள். சத்தம் 100 மீட்டர் வந்து சேரவே 0.29 வினாடி ஆகும். அதனால்தான் நேரம் எடுப்பவர்கள் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்துவார்கள். உங்கள் நண்பர் கையை உயர்த்தி இறக்குபவரைப் பார்க்கட்டும். வேகத்தை மட்டும் சோதிக்க 30 மீட்டர் போதும். வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்கக் காணொளி உங்கள் தொலைபேசியில் இருந்தால் இரு முனையிலும் கம்பு நட்டு, பாதி வழியான 15 மீட்டர் குறிக்கு நேராகப் பக்கவாட்டில் தள்ளி நின்று, இரண்டும் தெரியும்படி படம் பிடிக்கச் சொல்லுங்கள். பின்கால் தரையை விட்டதிலிருந்து மார்பு கம்பைத் தாண்டும்வரை படங்களை எண்ணி 240-ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும். தொலைபேசி வைத்த இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அடுத்த மாதமும் அங்கேயே வையுங்கள்.