பட்டறைக் கேள்வி பதில்: த்ராட்டில் பாடி 28-லிருந்து நேராக 34-ஆ?

கேள்வி: என்னுடையது யமஹா ஆர்15 வெர்ஷன் 2. போன வருடம் 62 மி.மீ. பிளாக்கும் பிஸ்டனும் மாற்றினேன், கூடவே ஒரு கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குக் காற்று விடும் வாய்) மட்டும் பழையது, வெர்னியரில் அளந்தால் 28 மி.மீ. கீழே இழுவை நன்றாக இருக்கிறது, 8,500 ஆர்பிஎம் தாண்டினால் சோர்ந்துவிடுகிறது. நண்பர்கள் 34 போடச் சொல்கிறார்கள். ஈசியூவில் (பெட்ரோல் அளவை முடிவு செய்யும் கம்ப்யூட்டர்) எதுவும் மாற்றவில்லை. தினமும் வேலைக்குப் போவதும் இதே வண்டியில்தான். போடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், ஈசியூவில் எதுவும் மாற்றவில்லை என்று, அதுதான் எனக்குப் பயம். த்ராட்டில் பாடிக்கு அப்புறம் வருவோம்.

முதலில் கணக்கு. கம்பெனி இன்ஜினில் பிஸ்டன் 57 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 58.7, அதாவது 149 சிசி. நீங்கள் 62 போட்டதும் 177 சிசி ஆகிவிட்டது, ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதல். இப்போது த்ராட்டில் துளையின் பரப்பைப் பாருங்கள். 28-லிருந்து 30-க்குப் போனால் பரப்பு 15 சதவீதம் கூடும், 32 என்றால் 31 சதவீதம், 34 என்றால் 47 சதவீதம். விட்டத்தில் 6 மி.மீ. தானே என்று தோன்றும், ஆனால் வாய் ஒன்றரை மடங்கு அகலமாகிவிடுகிறது. இன்ஜின் கேட்பதோ 18 சதவீதம். கேம் போட்டிருப்பதால் மேல் ஆர்பிஎம்மில் இன்னும் கொஞ்சம் கேட்கும், சரி, அதையும் சேர்த்தாலும் என் கணக்கில் 32 போதும், தினமும் ஓட்டுகிற வண்டிக்கு 30 கூடப் போதும்.

பெரிதாகப் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகும்போதே முன்பு அதைவிட அதிகம் திருகினால் வருகிற அளவுக்குக் காற்று போய்விடும், மீதித் திருகலுக்குப் பெரிதாக வேலையே இருக்காது. சிக்னலில் ஊர்ந்து போகும்போது வண்டி வெடுக் வெடுக்கென்று துள்ளும். நான் 34 போட்டு ஓட்டியிருக்கிறேன். முதல் நாள் 'என்னமா இழுக்கிறது' என்று சந்தோஷப்பட்டேன், அது சக்தி இல்லை, சின்னத் திருகலிலேயே நிறையக் காற்று போகிறது என்று புரிய ஒரு வாரம் ஆனது. ஆறாவது வாரம் கழற்றி விற்றுவிட்டேன்.

இப்போது ஈசியூ. உங்கள் வண்டியில் காற்றை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. மேனிபோல்ட் (த்ராட்டில் பாடியிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம், ஆர்பிஎம், பட்டர்ஃபிளை (த்ராட்டில் துளையைத் திறந்து மூடும் தகடு) எத்தனை டிகிரி திறந்திருக்கிறது, இதையெல்லாம் வைத்து ஈசியூ 'இவ்வளவு காற்று வந்திருக்கும்' என்று கணக்குப் போட்டுப் பெட்ரோல் விடுகிறது. ஆக்சிலேட்டரை நிறையத் திறக்கும்போது திறப்புக் கோணத்தைத்தான் அதிகம் நம்பும். அந்தக் கணக்கு எழுதப்பட்டது 149 சிசிக்கும் கம்பெனி த்ராட்டில் பாடிக்கும். நீங்கள் 177 ஆக்கிய அன்றே அது பொய்யாகிவிட்டது, இதற்கு மேல் 34-ஐயும் மாட்டினால் அதே 40 டிகிரியில் இன்னும் அதிகக் காற்று, பெட்ரோல் மட்டும் பழைய அளவு. லீனாக (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஓடும், பிஸ்டன் தலை சூடேறும், நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வரும், முழு ஆக்சிலேட்டரில் நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் போனால் பிஸ்டனில் ஓட்டை விழுந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இப்போது 8,500-க்கு மேல் சோர்வதே லீனால்தானோ என்பது என் சந்தேகம்.

அதனால் முதல் செலவு பிக்கிபேக் (ஈசியூவோடு சேர்த்து மாட்டிப் பெட்ரோல் அளவைத் திருத்தும் பெட்டி) அல்லது மேப் (பெட்ரோல் அளவு அட்டவணை) மாற்றக்கூடிய ஈசியூ, அதோடு வைட்பேண்ட் ஓ2 சென்சார் (புகையை வைத்துக் கலவையை அளக்கும் கருவி) வைத்து டைனோவில் (வண்டியை நிறுத்தியபடி ஓட்டிச் சக்தி அளக்கும் மேடை) ட்யூனிங். பங்க் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால் 14.7 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு இத்தனை பங்கு காற்று) என்கிற பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், லாம்ப்டாவில் (1 என்றால் சரியான கலவை, குறைந்தால் பெட்ரோல் அதிகம்) பார்க்கச் சொல்லுங்கள். முழுத் திறப்பில் 0.87 பக்கம் இருந்தால் நிம்மதி. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். 10,000 ஆர்பிஎம்மில் இரண்டு சுற்றுக்கு (அதற்குள் ஒரு முறைதான் இன்ஜின் காற்றை இழுக்கும்) கிடைக்கும் நேரம் மொத்தமே 12 மில்லி விநாடி, அதில் 10-க்கு மேல் இன்ஜெக்டர் திறந்தே இருந்தால் அது திணறுகிறது, பெரியது வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு அதே டைனோவில், ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்திருக்க, மேல் ஆர்பிஎம்மில் மேனிபோல்ட் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தால் த்ராட்டில் பாடி தடையே இல்லை, காசு மிச்சம், குறை ஹெட் போர்ட்டிலோ (வால்வை ஒட்டிய காற்று வழி) கேமிலோ சைலன்சரிலோ இருக்கிறது. ஏழெட்டு கிலோபாஸ்கல் கீழே விழுந்தால் தடை இருக்கிறது, ஆனால் அது ஏர் பில்டர் பெட்டியாகவும் இருக்கலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள். அப்படியும் த்ராட்டில் பாடிதான் தடை என்று வந்தால் 30-ஓ 32-ஓ வாங்குங்கள்.

மாட்டும்போது இரண்டு விஷயம். பழையதைக் கழற்றும் முன், மூடிய நிலையில் த்ராட்டில் சென்சார் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள், புதியதையும் அதே எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் ஐடில் (வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, ரப்பர் மேனிபோல்டின் உள்விட்டம். 32 த்ராட்டில் பாடிக்குப் பின்னால் 28 மேனிபோல்ட் என்றால் உள்ளே ஒரு படிக்கட்டு, காற்று அதில் முட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள் வாங்கியது அலங்காரப் பொருள்.

கேள்வி: புதியது வாங்கக் காசில்லை. லேத்தில் கொடுத்து 28 த்ராட்டில் பாடியை 30 ஆகக் குடைந்து தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: துளை குடைவது லேத்காரருக்குப் பெரிய காரியமில்லை, பட்டர்ஃபிளை தகடுதான் சிக்கல். அது பார்க்க வட்டம், உண்மையில் லேசான முட்டை வடிவம். மூடிய நிலையில் சில டிகிரி சாய்ந்து நிற்பதால் விளிம்பும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். வட்டமாக வெட்டினால் தகடு சிக்கிக்கொள்ளும், இல்லையென்றால் ஓரத்தில் காற்றுக் கசியும். ஆக்சிலேட்டர் திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அந்த இரண்டு குட்டித் திருகுகள்: கம்பெனியில் முனையை நசுக்கி விட்டிருப்பார்கள், கழன்றால் இன்ஜினுக்குள்தான் போகும் என்பதால். குடைபவர் அவற்றை மாற்றிப் புதுத் திருகு போட்டு, லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) தடவி, முனையையும் நசுக்கித் தருவாரா என்று கேளுங்கள். 'அதெல்லாம் எதுக்கு சார்' என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ்100-க்கு 28 மி.மீ. கார்புரேட்டர் போடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: மற்றதெல்லாம் கம்பெனி செட்டிங்கில் இருந்தால் வேண்டாம். இன்ஜெக்டர் வண்டியில் பம்ப் அழுத்திப் பெட்ரோலைப் பீய்ச்சும். கார்புரேட்டரில் காற்று ஓடும் வேகம்தான் பெட்ரோலை உறிஞ்சுகிறது. 98 சிசி இன்ஜினுக்கு அவ்வளவு பெரிய துளை வைத்தால் கீழ் ஆர்பிஎம்மில் காற்று மெதுவாகப் போகும், பெட்ரோல் ஒழுங்காக ஏறாது, திறந்தவுடன் மூச்சு முட்டும். போர்ட் வேலையும் (சிலிண்டர் துளைகளைத் திருத்துவது) சேம்பர் சைலன்சரும் (நடுவில் பெருத்த டூ ஸ்ட்ரோக் சைலன்சர்) இருக்கிறது என்றால் அது வேறு கதை, வண்டியின் விவரத்தோடு எழுதுங்கள்.