குவெர்செடின்: குளிசையா, வெங்காயமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, பிரஷருக்கு மருந்து எடுக்கிறா. குவெர்செடின் 500 மில்லிகிராம் குளிசை நல்லதென்று பாமசியில் சொல்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவசரப்படாதீர்கள். குவெர்செடின் என்பது வெங்காயம் போன்ற தாவர உணவுகளில் இயற்கையாகவே உள்ள ஒரு பொருள். நாளுக்கு 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த ஆய்வுகளில் பிரஷர் சில புள்ளிகள் இறங்கியது உண்மை. ஆனால் அது மருந்துக்கு மாற்றாகாது. வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து), சைக்ளோஸ்போரின் (நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து) எடுப்பவர்களும் சிறுநீரக வருத்தக்காரரும் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

குசினியிலேயே இது இருக்கிறதே! சிவப்பு வெங்காயத்தில் வெளி அடுக்குகளில்தான் அதிகம். காய்ந்த தோலோடு சதைப்பற்றான முதல் அடுக்கையும் சேர்த்து உரித்து வீசுவதுதான் பெரிய நட்டம். காய்ந்த சருகை மட்டும் உரித்து வீசுங்கள். குவெர்செடின் சூட்டை ஓரளவு தாங்கும், ஆனால் அவித்தால் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றாமல் சொதிக்கோ பருப்புக்கோ விடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால் உடல் கூடுதலாக உறிஞ்சும், ஆகவே சம்பலில் தேங்காய்ப்பூ இருப்பது நல்லதே, உப்பைத்தான் குறைக்கவேண்டும். முருங்கையிலை வறையிலும் குவெர்செடின் தாராளம்.