ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு தமனி இருப்பது ஏன்?

சிறுநீரக தானத்துக்கு முன் எடுக்கும் ஸ்கேனில் 'கூடுதல் தமனி' என்று எழுதியிருந்தால், ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றுக்குப் பதில் இரண்டோ மூன்றோ இருக்கிறது என்று பொருள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படித்தான்.

கருவில் சிறுநீரகம் இடுப்புக்குழியில் உருவாகி மெல்ல மேலேறும். ஏற ஏறப் புதுக் குழாய் முளைக்கும், பழையது மறையும். சிலருக்குப் பழையது மறையாமல் தங்கிவிடும். கடலூர் முதுநகரிலிருந்து மஞ்சக்குப்பத்துக்குக் குடிபோன பிறகும் பழைய பால்காரர் வந்து ஊற்றுகிற மாதிரி.

ஒவ்வொரு தமனியும் தன் பகுதிக்கு மட்டுமே ரத்தம் தரும். அறுவை சிகிச்சையில் ஒன்றை அறியாமல் வெட்டினால் மற்றது ஈடுகட்டாது, அந்தப் பகுதி செத்துவிடும். அதிலும் சிறுநீரகத்தின் கீழ்முனைக்குப் போகும் தமனி சிறியதானாலும் சிறுநீர்க்குழாய்க்கும் அதுவே ரத்தம் தருவதுண்டு. இதற்காகத்தான் முன்கூட்டியே ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுக்கிறார்கள்.

அப்புறம், கூடுதல் தமனி நோயல்ல; அது இருந்தாலே தானம் செய்ய முடியாது என்பதும் தவறு.